பழைய ஜப்பானியத் தோட்டப் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, நிறத்தை நம்புவது. 1860களிலிருந்து யோகோஹாமாவின் ஸ்டுடியோக்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்ற தோட்டப் படங்களில் ஊதா ஐரிஸ் பூக்களும் சிவந்த மேப்பிள் இலைகளும் கண்ணைப் பறிக்கும். கேமரா அந்த நிறங்களைப் பதியவில்லை. முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சான படத்துக்கு ஸ்டுடியோ மேசையில் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால்தான் ஒரே நெகட்டிவின் இரு பிரதிகளில் ஒரே கிமோனோ இரண்டு நிறத்தில் இருக்கும். அன்றைய ஈரத்தகடு, அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படம் எடுக்கும் கண்ணாடித் தகடு, நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். பச்சையும் சிவப்பும் இருண்டே விழும். ஆக, இலை சிவப்பாக இருக்கிறதே என்று பார்த்துப் பருவத்தைக் கணிக்காதீர்கள்.

வெறுமையான வானத்தை ஜென் தத்துவமாக வாசிப்பதும் இப்படித்தான். நீலத்துக்கு அவ்வளவு கூர்மையான தகட்டில் வானம் அளவுக்கு மீறி ஒளிபட்டு, மேகமெல்லாம் அழிந்து வெளுத்துவிடும். குளம் கண்ணாடிபோல் அசையாமல் கிடப்பதற்கும் பல நேரம் காரணம் நீண்ட எக்ஸ்போஷர்தான், அதாவது தகட்டில் ஒளி விழவிடும் நேரம் நீளமாக இருந்ததுதான். அந்த அமைதி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைத் தோட்டக்காரரின் கணக்கில் எழுதக்கூடாது.

ஆல்பத்தின் பெயரைப் பார்த்து 'எடுத்தவர் இவர்' என்று முடிவுகட்டுவதிலும் கவனம் தேவை. யோகோஹாமா புகைப்படக்காரர் பெலிசே பியாட்டோ 1877இல் தன் ஸ்டுடியோவை இன்னொரு புகைப்படக்காரரான ஸ்டில்ஃபிரீடுக்கு விற்றபோது நெகட்டிவ்களும் கைமாறின. ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தம் பெயரில் விற்பது அன்று சாதாரணம்.

எல்லாவற்றையும் பயணிகளுக்கான சரக்கு என்று ஒதுக்குவது எதிர்த்திசைத் தவறு. ஜப்பானியத் தோட்டக் கலை பற்றி பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஜோசியா காண்டர் 1893இல் வெளியிட்ட நூலின் இணைப்புக்கு ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒகாவா கசுமாசா தந்த கொலோடைப் (புகைப்படத்தை மையால் அச்சிடும் முறை) படங்களில் வண்ணப்பூச்சு இல்லை. கல் எங்கே, பாலம் எங்கே, மரத்தை எப்படிக் கத்தரித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். வடிவமைப்பைப் படிக்க விரும்புவோர் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

கியோட்டோவின் பொன் மண்டபக் கோயிலான கின்காகுஜியின் படங்களில் பலர் பொன்னைத் தேடுகிறார்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) மண்டபத்தில் ஒட்டிய மெல்லிய பொன் தகடு பெரும்பாலும் உதிர்ந்து மரம்தான் தெரிந்தது. இன்று மின்னுவது, 1950இல் தீக்கிரையானபின் 1955இல் மீண்டும் எழுப்பிய மண்டபம். பழைய படத்தையும் இன்றையதையும் ஒப்பிடுவதானால் குளத்துக் கற்களையும் தீவுகளையும் பாருங்கள். எரிந்தது மண்டபம், தோட்டம் அல்ல.