குடியிருப்புச் சந்தை தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்துக் குடியிருப்புகளில் வாரச்சந்தை தொடங்கும் ஆர்வம் பெருகிவருவது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் முன்னால் நடத்தியவர்கள் விழுந்த பள்ளத்திலேயே புதியவர்களும் போய் விழுகிறார்கள். தண்ணீர், கழிப்பறை, குப்பை அள்ளுவது எல்லாம் யாரும் சொல்லாமலே செய்துவிடுவீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காலி மேசையை நிரப்ப மண்டிச் சரக்கை விடுவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. ஆரம்பத்தில் பாதி மேசை காலியாகக் கிடக்கும். நிர்வாகிகள் பதறிப்போய், மண்டியில் வாங்கி விற்கிறவர்களுக்கு இடம் கொடுத்துவிடுவார்கள். சந்தை அன்றைக்கே களைகட்டிவிடும், நஷ்டம் அப்புறம்தான் தெரியவரும்.

விளைவிக்கிறவர் அந்தப் பருவத்தில் நிலத்தில் இருப்பதைத்தான் கொண்டுவர முடியும். வாங்கி விற்கிறவருக்குப் பருவமே கிடையாது, விலையையும் இறக்கிச் சொல்லலாம். ஒரு சந்தையில் இதைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஒரு மேசையில் பெரிதும் சிறிதுமாக, காம்பு வாடாத தக்காளி. அடுத்த மேசையில் அச்சில் வார்த்ததுபோல எல்லாம் ஒரே அளவு, மேசைக்கு அடியில் மண்டிப் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகள். இரண்டுக்கும் மேலே ‘எங்கள் தோட்டத்தில் விளைந்தது’ என்று ஒரே பலகை! வந்தவர்கள் மலிவாக இருந்ததை வாங்கினார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. தோட்டக்காரர் கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிட்டார். எப்போது விதைத்தீர்கள், அடுத்த வாரம் என்ன வரும் என்று அவரிடம் நின்று பேசியவர்கள், அந்தப் பேச்சில் அக்கம்பக்கத்தாரோடும் பழகியவர்கள், அவர்களும் வரவில்லை.

பேரி பெனிப்பும் பாப் லூயிஸும் 1976-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரீன்மார்க்கெட் என்ற உழவர் சந்தையில் தான் விளைவித்ததைத்தான் விற்கலாம். விதி போட்டதோடு விடாமல், ஆள் அனுப்பித் தோட்டத்தையே பார்த்துவருகிறார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். வாங்கி விற்கிறவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள், அவர்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் தனி வரிசையும் தனிப் பலகையும் கொடுங்கள். விளைவிக்கிறவர்கள் குறைவாக இருந்தால் மேசைகளைக் குறைத்து நெருக்கிப் போடுங்கள். சின்னச் சந்தையாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

சந்தைக் கிழமையை மாற்றுவது

மாற்றாதீர்கள்.

சீரமைக்க என்று முழுக்க மூடுவது

பகுதி பகுதியாகச் செய்யுங்கள். மூடியிருக்கும் காலத்தில் மக்கள் வேறு இடத்துக்குப் பழகிவிடுவார்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக நடத்துவது

பார்சிலோனாவின் போக்கேரியா சந்தையில் சுற்றுலாக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கவே சிரமப்பட்டார்கள். 2015-இல் வெள்ளி, சனிக்கிழமைகளில் காலையிலிருந்து பிற்பகல்வரை பெரிய சுற்றுலாக் குழுக்களைத் தடுக்க வேண்டிவந்தது. படம் எடுக்க அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பக்கத்துத் தெருக்காரர் பையை நிரப்பிக்கொண்டு போகிறாரா என்று பாருங்கள்.

உட்கார இடம் வைக்காதது

நிழலில் இரண்டு பெஞ்சாவது போடுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களில் பலருக்கு அந்த வாரத்தில் நாலு பேரோடு பேசக் கிடைக்கிற இடம் இதுதான். ஒரு மேசை வாடகை போனால் போகட்டும்.