கீவேர்டு போட்டியைக் கணிக்க முதல் பக்கத்தைப் படியுங்கள்

மக்கள் கூகுளில் தட்டும் தேடல் சொல்தான் கீவேர்டு. விளம்பரம் தருபவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் கீவேர்டு பிளானர் என்ற கருவியில் "போட்டி: குறைவு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுத உட்காருபவர்கள் நிறையப் பேர். அந்தக் கட்டம் காட்டுவது விளம்பரதாரர்களுக்கு இடையே உள்ள போட்டியை. விளம்பரம் இல்லாத இயல்பான முடிவுகளில் இடம்பிடிப்பது எளிதா, கடினமா என்பதை அது சொல்லாது. தேடலில் வரும் "சுமார் இத்தனை லட்சம் முடிவுகள்" என்பதும் தோராயக் கணக்குதான். உங்கள் போட்டியாளர்கள் முதல் பக்கத்தில் இருக்கும் பத்துப் பேர் மட்டுமே.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்று, பழுதும் பார்க்கும் ஒரு கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து கீவேர்டைத் தேடுங்கள். பழைய தேடல் வரலாறு முடிவுகளை மாற்றாமல் இருக்க இது தேவை. இருக்கும் ஊரைப் பொறுத்தும் முடிவுகள் மாறும் என்பதால், வாடிக்கையாளர் இருக்கும் ஊரிலிருந்து கைபேசியிலும் ஒருமுறை பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கங்களின் வகை. "வெட் கிரைண்டர் விலை" என்று தேடும்போது வருபவை எல்லாம் பெரிய விற்பனைத் தளங்களின் பொருள் பட்டியல்கள் என்றால், அங்கே கட்டுரையை நுழைக்கப் பார்ப்பது வீண். தேடுபவர் வாங்க வந்திருக்கிறார் என்று கூகுள் முடிவு செய்துவிட்டது. "கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி" என்பதற்குச் செய்முறைப் பக்கங்களும் வீடியோக்களும் வந்தால், கடைக்காரர் நுழைய வழி இருக்கிறது.

வகை பொருந்தினால், பத்து முடிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து நான்கு விஷயங்களைக் குறியுங்கள். தலைப்பில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா? முழுப் பக்கமும் அதைப் பற்றியதா, அல்லது ஒரு பத்தியில் தொட்டுவிட்டுப் போகிறதா? தகவல் இன்றைக்கும் செல்லுமா? அந்தப் பக்கத்துக்கு எத்தனை வெவ்வேறு தளங்கள் பேக்லிங்க் (அதாவது, அதற்கு வரும் இணைப்பு) கொடுத்திருக்கின்றன? ஒரே தளத்திலிருந்து 50 லிங்க் வந்தாலும் ஒரு தளம் என்றே எண்ணுங்கள். கேள்வி-பதில் தளம், பி.டி.எஃப். கோப்பு, வேறு விஷயம் பேசும் பக்கம் ஆகியவை பலவீனமான இடங்கள். பத்தில் மூன்று இடமாவது அப்படி இருந்தால் புதிய தளமும் துணிந்து முயலலாம். இது எங்கள் கணக்கு, கூகுளின் விதி அல்ல.

ஒரு கீவேர்டில் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எஸ்.இ.ஓ. (தேடல் முடிவுகளில் முன்னேறும் வேலை) கருவிகள் தரும் கடின எண்ணைத் தெரிந்து பயன்படுத்துங்கள். அத்தகைய கருவிகளில் ஒன்றான ஏஹ்ரெஃப்ஸ் தன் எண்ணை, முதல் பத்துப் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. இன்னொரு கருவியான மோஸ் வேறு முறையில் கணக்கிடுகிறது. ஆகவே ஒரு கருவியின் 30-ஐ இன்னொன்றின் 30-உடன் ஒப்பிடக் கூடாது. ஒரு தளத்தின் பலத்தைக் காட்டும் டொமைன் அத்தாரிட்டி என்பதும் மோஸ் உருவாக்கிய மதிப்பீடு. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

தமிழில்தான் இந்த எண்கள் அதிகம் ஏமாற்றும். தமிழ்ப் பக்கங்களுக்கு லிங்க் கொடுப்பவர்கள் குறைவு, அதனால் கடின எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் மேலே இருப்பது ஒரு பெரிய நாளிதழின் தளம் என்றால், அந்தப் பக்கத்துக்குத் தனியாக லிங்க் இல்லாவிட்டாலும் தளத்தின் பலமே அதைத் தூக்கி நிறுத்தும். எழுத்துமுறையும் சேர்ந்துகொள்கிறது. "பட்டுப்புடவை", "பட்டுப் புடவை", "பட்டு புடவை" மூன்றையும் மக்கள் தட்டுகிறார்கள். அதே சொல்லை ஆங்கில எழுத்திலும் தட்டுகிறார்கள். கருவி இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணுவதால் தேடல் அளவு சிதறி, ஒவ்வொன்றும் குறைவாகத் தெரியலாம். ஒவ்வொரு வடிவத்தையும் தனியாகத் தேடி, முதல் பக்கங்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதே முடிவுகள் வந்தால் ஒரே பக்கம் போதும். தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் வேறு வேறு முடிவுகள் வந்தால், அவை இரண்டு தனிப் போட்டிகள்.

முடிவுகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். விளம்பரங்கள், கடைகளைக் காட்டும் வரைபடம், ஏ.ஐ. சுருக்கம், வீடியோ வரிசை எல்லாம் திரையை நிறைத்துவிட்டால், முதலிடம் பிடித்தாலும் கிளிக் குறையும். "கிரைண்டர் சர்வீஸ் கோயம்புத்தூர்" போன்ற சொல்லுக்கு வரைபடம் வந்தால், கட்டுரை எழுதும் நேரத்தைக் கூகுள் பிசினஸ் புரொஃபைலை (வரைபடத்தில் தெரியும் உங்கள் கடை விவரப் பக்கத்தை) சரிசெய்யச் செலவிடுவது நல்லது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளம் என்றால், புதிய சொல் தேடும் முன் சர்ச் கன்சோலை (உங்கள் தளம் எந்தத் தேடல்களில் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியை) திறந்து பாருங்கள். கடந்த மூன்று மாதங்களில் சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களைப் பிரித்தெடுங்கள். அங்கே கூகுள் உங்களை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைப்பைத் திருத்தி, விடுபட்ட தகவலைச் சேர்த்து, தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்து லிங்க் கொடுத்தால் மேலே நகரும் வாய்ப்பு அதிகம். புதிதாக வெளியிட்ட பக்கம் சில மாதங்கள் ஆகியும் 50-ஆவது இடத்துக்குக் கீழேயே கிடந்தால், சொல்லைக் குறுக்குங்கள்: "கிரைண்டர் பழுது" என்பதை விட்டு "டில்டிங் கிரைண்டர் கல் சுற்றவில்லை" என்பதற்கு இறங்கி, அதன் முதல் பக்கத்தையும் இதேபோல் திறந்து பாருங்கள்.