ரெண்டடுக்கு சைக்கிள் கட்டுவது எப்படி?

ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட, 22 இஞ்ச் பழைய இரும்பு பிரேம் ரெண்டு வேணும். கோவையில் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்க. பெயிண்டுக்கு அடியில் துரு அரித்த பைப் வேண்டவே வேண்டாம்.

கீழ் பிரேமின் சீட் பைப் தலையில் மேல் பிரேமின் பெடல் கூடு (பெடல் அச்சு சுழலும் குழாய்) உட்காரணும். ரெண்டு சீட் பைப்பும் ஒரே கோட்டில் நிற்குதான்னு நூல் பிடிச்சுப் பார்த்துட்டு ஒட்டுங்க. பைப் மெல்லிசு, ஆர்க் வெல்டிங் அடிச்சா ஓட்டை விழும். கேஸ் தீயில் பித்தளையை உருக்கி ஒட்டுறதுதான் சரி. மேல் பிரேமின் பின்முனையிலிருந்து கீழே சக்கர அச்சு வரை இருபுறமும் தாங்கு பைப் கொடுங்க. வலப்பக்கத்தது செயினில் உரசக் கூடாது. மேலே ஹேண்டில்பாரையும், கீழே முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கையும் ஒரு பைப் இணைக்கணும்.

ஒரு செயின் எட்டாது. இன்னொன்றை வெட்டிச் சேர்த்து, அரை இஞ்ச் தொய்வு விட்டு முடுக்குங்க. தொய்வு கூடினா மேட்டில் அழுத்தும்போது கழண்டு விழும், அதுவும் அந்த உயரத்தில்!

பலரும் கோட்டை விடுறது பிரேக்கில்தான். பழைய கம்பி பிரேக் அவ்வளவு உயரம் எட்டாது. கேபிள் போட்டாலும், 28 இஞ்ச் பழைய ரிம்மின் பக்கம் உருண்டை, பிரேக் கட்டை பிடிக்காது. ரெண்டு ரிம்மையும் பக்கம் தட்டையானதா மாத்தியே ஆகணும்.

உருட்டி ஓடவிட்டு, பின் அச்சில் நீட்டிய படியில் கால் வெச்சு ஏறுங்க. சிக்னலில் கால் ஊன்ற முடியாது, அதனால் இடது ஓரம் கம்பம் பார்த்து நில்லுங்க. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பக்கவாட்டில் தள்ளும். அப்போ மேம்பாலம் ஏறவே வேண்டாம்.