வெளிநாட்டில் கார் வாங்கித் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் டர்பன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. பளபளவென்று இருக்கும், ஸ்டீயரிங்கும் நமக்கு ஏற்ற வலது பக்கம், விலையோ இங்குள்ள ஷோரூமில் கேட்பதில் பாதிகூட இருக்காது. ஆனால் அவை தென்னாப்பிரிக்காவில் ஓடுவதற்காக வந்தவை அல்ல. ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானா, லெசோத்தோ என்று அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போகும் வழியில் இங்கே நிற்கின்றன. அதில் ஒன்றை வாங்கி இங்கேயே ஓட்டலாம் என்று நம்புவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

இந்த நாட்டில் பழைய கார் இறக்குமதிக்குப் பொதுவாகவே தடை உண்டு. இட்டாக் என்று சொல்லப்படும் சர்வதேச வணிக நிர்வாக ஆணையம் அனுமதி கொடுத்தால்தான் கொண்டுவர முடியும். உள்ளூர்க் கார் தொழிலைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை. டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை இருக்கிறது. சாட்ஸ்வொர்த், மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கத்துக் குடும்பங்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கார்களைத் தடையில்லாமல் இறக்கவிட்டால் அங்கே வேலை என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். சட்டம் இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதே என் கருத்தும்.

ஆனாலும் விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. “டர்பன் ஸ்டாக்”, “பேப்பர் எல்லாம் ரெடி”, “முன்பணம் கட்டினால் போதும், வீட்டு வாசலில் நிறுத்துகிறோம்”. இப்படிச் சொல்பவர்களில் சிலரிடம் காரே இருக்காது, படம் மட்டும்தான். முன்பணம் போனால் போனதுதான். கார் வைத்திருப்பவர் கொடுக்கும் பேப்பரோ பெரும்பாலும் லெசோத்தோவிலோ எஸ்வாத்தினியிலோ பதிவான கார் என்று காட்டும். “அண்ணே, அதுவும் நம்ம சுங்க ஒன்றியம்தானே, வரி கிடையாதே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாடுகளும் நாமும் ஒரே சுங்க ஒன்றியம் என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து அங்கே இறங்கிய பழைய கார் இங்கே பதிவாவதற்கு அது வழிவிடாது. இங்கே குடியிருப்பவர் அந்த நம்பர் பிளேட்டோடு ஓட்டித் திரிந்தால் ரோடு பிளாக்கில் போலீஸ் நிறுத்தும்போது சிக்கல் ஆரம்பமாகும். கார் பறிமுதல் ஆகலாம். நடுவில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது.

சரி, யாருக்குத்தான் வழி இருக்கிறது? நிரந்தரமாக இங்கே குடியேற அனுமதி பெற்று வருபவர்களுக்கும், வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் தென்னாப்பிரிக்கர்களுக்கும் இருக்கிறது. அதிலும் ஏற்கெனவே தன் பெயரில் வைத்து, குறைந்தது 12 மாதமாவது பயன்படுத்திய கார்தான் செல்லும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு சிங்கப்பூரில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் அது ஆகாது. கம்பெனி பெயரில் இருந்ததை, தம்பி பெயரில் இருந்ததைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்தாலும் இதே கதைதான்.

வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். துபாயிலும் தோஹாவிலும் ஓடும் கார்களுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அவற்றை இங்கே இறக்கவும் பதிவு செய்யவும் விடமாட்டார்கள். எவ்வளவு ஆசையாக வைத்திருந்த லேண்ட் க்ரூஸராக இருந்தாலும் அங்கேயே விற்றுவிட்டுப் பணமாகக் கொண்டு வாருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் கார்களுக்கு இந்தத் தடங்கல் இல்லை.

அடுத்தது வரிசை மாறிப் போவது. காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு அப்புறம் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அனுமதி கையில் வந்த பிறகுதான் காரை ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாமல் வந்து இறங்கினால் சுங்கம் நிறுத்தி வைக்கும், துறைமுக வாடகை நாளுக்கு நாள் ஏறும். சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாக எதையும் காட்ட முடியாது.

அனுமதி வேறு, வரி விலக்கு வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அனுமதி கிடைத்த எல்லோருக்கும் விலக்கு கிடைப்பதில்லை. விலக்கு இல்லாதவர் கணக்கைப் பாருங்கள். காரின் மதிப்பு 1,00,000 ராண்ட் என்றால் 25 சதவீதச் சுங்க வரி 25,000. வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி போடும்போது மதிப்போடு இன்னொரு 10 சதவீதத்தையும் சுங்க வரியையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆக 1,35,000க்கு 15 சதவீதம், 20,250. இதுவரை 45,250 ஆயிற்று. காரின் விலைக்கேற்ப 30 சதவீதம் வரை போகக்கூடிய ஆட் வலோரம் என்ற ஆடம்பர வரியும் உண்டு. கப்பல் கூலி, ஏஜென்ட் கூலி, துறைமுகச் செலவு எதுவும் இதில் சேரவில்லை. விலக்கு கிடைத்தவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்தான், அதையும் வந்த பிறகு ஒன்றரை வருடத்துக்கும் மேலாக விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. கொண்டுவந்து விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அனுமதியும் வரியும் தவிர, தரக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.ஆர்.சி.எஸ். தரும் லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்ற ஒப்புதல் கடிதம், திருட்டுக் கார் அல்ல என்பதற்கான போலீஸ் கிளியரன்ஸ், காரை அடையாளம் காட்டும் நுண்ணிய புள்ளிகளான மைக்ரோடாட், சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்றிதழ் என்று இன்னும் பல இருக்கின்றன. அதற்கான செலவையும் அலைச்சலையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். இங்கே விற்கப்படாத மாடல் என்றால் ஒரு ஹெட்லைட் உடைந்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்படி ஆகலாம்.

நிரந்தரமாகக் குடியேறுபவர், நாடு திரும்புபவர் என்ற இரண்டு வகையிலும் சேராதவர்கள் இங்கேயே பதிவான பழைய காரைப் பார்ப்பதுதான் மலிவு. அப்போதும் ஒரு ராண்டுகூடக் கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பானட்டைத் திறந்து காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லைசென்சிங் அலுவலகத்துக்கு உங்களோடு நேரில் வந்து பெயர் மாற்றித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.