ரூட் 66: மொஹாவி பாலைவனத் துண்டை ஒரே நாளில் ஓட்டுவது எப்படி

சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை 2,448 மைல் நீளும் அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-ஐ முழுசாக ஓட்டுகிற அளவுக்கு எல்லோருக்கும் லீவு கிடைக்காது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, கைவிடப்பட்ட கட்டடங்களையும் பார்க்க வேண்டும் என்றால், கலிஃபோர்னியாவில் லட்லோவிலிருந்து ஆம்பாய் வழியாகக் கிழக்கே போகும் துண்டை எடுங்கள். 1926-ல் பிறந்த இந்தச் சாலைக்குப் பக்கத்தில் 1973-ல் ஐ-40 என்ற அதிவேக நெடுஞ்சாலை திறந்தது, அதோடு இங்கே கார் வருவது ஏறக்குறைய நின்றே போனது. வியாபாரம் போய்விட்டது, இடித்துவிட்டு வேறு கட்ட யாருக்கும் காரணம் இல்லை, மழையும் இல்லாததால் சுவர்கள் மெதுவாகத்தான் சிதைகின்றன. 1985-ல் ரூட் 66 என்ற எண்ணையும் அரசு எடுத்துவிட்டது. அதனால் இங்கே பலகையிலும் மேப்பிலும் நீங்கள் தேட வேண்டிய பெயர் நேஷனல் டிரெயில்ஸ் ஹைவே.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, சான் பெர்னார்டினோ கவுன்ட்டி (நம் மாவட்ட நிர்வாகம் மாதிரி) வெளியிடும் சாலை மூடல் பட்டியலைப் பார்ப்பது. மலையடிவாரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும் மேலே 1930-களில் கட்டிய மரப்பாலங்கள் இந்தச் சாலையில் நூற்றுக்கும் மேல் உண்டு. 2014-லும் 2017-லும் வந்த திடீர் வெள்ளம் அதில் பலவற்றைப் பெயர்த்துவிட்டது, ஆம்பாய்க்குக் கிழக்கே எசெக்ஸ் பக்கம் போகும் பகுதி வருடக்கணக்காக மூடிக் கிடந்திருக்கிறது. மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் மூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றிக்கொண்டு மணலில் இறங்கிப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். பெரிய மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் வண்டி) ஓட்டுகிறவர்கள் பாலத்து எடை வரம்புப் பலகையையும் கவனிக்கணும்.

எப்போது போவது? நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இடிமழை வேறு வந்து ஓடைகளை நிரப்பும், அதுவும் உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே எங்கோ மலையில் பெய்த தண்ணீர் சாலைக்கு வந்துவிடும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஸ்டெப்னியில் காற்று, கூலன்ட், ஆஃப்லைன் மேப், இவ்வளவும் இருக்கட்டும். போன் சிக்னலை நம்பவே வேண்டாம். பெட்ரோலை லட்லோவிலேயே நிரப்பிவிடுங்கள். ஆம்பாயிலும் கிடைக்கும், ஆனால் விலையைப் பார்த்தால் லட்லோவில் போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காலையில் கிழக்கே ஓட்டினால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், படமும் வெளுத்துப் போகும். மதியத்துக்கு மேல் லட்லோவிலிருந்து கிளம்பினால் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும், சுவர்களின் உரிந்த பெயின்ட்கூடத் தெளிவாகத் தெரியும். கிழக்கே, அரிசோனா எல்லையில் இருக்கும் நீடில்ஸ் ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் இதையே திருப்பி, காலையில் புறப்படலாம்.

சரி, ஐ-40-ல் லட்லோ எக்ஸிட் எடுத்துத் தெற்கே இறங்கியாயிற்று. இங்கிருந்து ஆம்பாய் ஏறக்குறைய 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர். வழியில் பாக்தாத் என்று ஓர் ஊர் இருந்தது, 1912 அக்டோபரிலிருந்து 1914 நவம்பர் வரை 767 நாள் மழையே பெய்யாத ஊர், இப்போது அங்கே ஒரு சுவர்கூட நிற்கவில்லை. அதைத் தேடி வண்டியை நிறுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆம்பாய்க்குச் சற்று முன்னால் வலப்பக்கம் கருப்பாகத் தெரிவது ஆம்பாய் கிரேட்டர் என்ற எரிமலைக் கூம்பு, உயரம் சுமார் 250 அடி. போய்த் திரும்ப மூன்று மைல் நடக்கணும், குளிர்காலம் என்றால் தாராளமாக ஏறலாம். கோடையில் இங்கே நடந்து உயிரை விட்டவர்கள் உண்டு, அதனால் அப்போது காரிலிருந்து பார்த்தால் போதும்.

ஆம்பாயில் எல்லோரும் நிற்பது ராய்ஸ் மோட்டல் அண்ட் கஃபே முன்னால்தான். 1938-ல் ராய் க்ரோல் ஆரம்பித்த இடம், அந்த 50 அடி உயரப் பலகை 1959-ல் வைத்தது. 2005-ல் ஆல்பர்ட் ஒக்குரா என்ற உணவகத் தொழிலதிபர் ஊரையே விலைக்கு வாங்கினார், 2008-ல் பெட்ரோல் பங்க் மறுபடி திறந்தது, 2019-ல் பலகையின் நியான் விளக்கும் மறுபடி ஒளிர ஆரம்பித்தது. ரூம் போட்டுத் தங்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், மோட்டல் அறைகள் வெறும் கூடுதான்.

பாழடைந்த கட்டடம் எதைப் பார்த்தாலும் அது என்னவாக இருந்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள், இந்தப் பயணத்தின் பாதி சுவாரசியம் அதில்தான். முன்னால் இரண்டு தூண், அதன் மேல் நீண்ட கூரை, கீழே முழங்காலுக்கும் கீழான சிமென்ட் மேடை, அதில் அறுத்துவிட்ட குழாயின் துருப்பிடித்த வாய் இருக்கிறதா? பெட்ரோல் பங்க். ஒரே அளவில் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கார் நிற்கிற அளவுக்கு இடம்? பயணிகள் தங்கிய விடுதி. இந்த அத்துவானக் காட்டில் எதற்கு இத்தனை கடை என்று தோன்றினால், அந்தக் காலத்துக் காரின் ரேடியேட்டர் ஏற்றத்தில் கொதிக்கும், டயர் வெடிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முன் பம்பரில் கேன்வாஸ் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் அவர்கள்.

உள்ளே மட்டும் நுழையாதீர்கள். ஆளில்லை என்பதால் சொந்தக்காரர் இல்லை என்று ஆகாது, அத்துமீறல் வழக்கு வரலாம். அதைவிட, தொங்கும் கூரை, ஆணி, நிழலில் சுருண்டு கிடக்கும் ராட்டில் பாம்பு, எலிப் புழுக்கைத் தூசியில் பரவும் ஹன்டாவைரஸ் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. சாலையோரத்திலிருந்து எடுக்கிற படமே நன்றாக வரும். பக்கத்தில் ஓடும் தண்டவாளமும் அப்படித்தான், கைவிடப்பட்டதுபோல் தெரியும், ஆனால் மைல் நீளச் சரக்கு ரயில்கள் ராத்திரி பகலாகப் போகிற பாதை அது.

இன்னொன்று: வண்டியை எடுக்கும் முன் டயருக்குக் கீழே குனிந்து பாருங்கள். பாலைவன ஆமை நிழலுக்காக அங்கே வந்து உட்காரும். கையால் தூக்கக் கூடாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி, பயந்தால் உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரை வெளியே விட்டுவிடும், பிறகு அதற்குத் தண்ணீர் எப்போது கிடைக்குமோ. அதுவாக நகரும் வரை காத்திருங்கள்.

ஆம்பாய் தாண்டி ஆறேழு மைலில் இடப்பக்கம் கெல்பேக்கர் ரோடு வரும். கிழக்கே பாதை மூடியிருந்தால் அதில் ஏறி ஐ-40 பிடித்து, பிறகு வெளியேறி காஃப்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போகலாம், அங்கே 1914-ல் கட்டிய பள்ளிக்கூடத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் நீடில்ஸ். டேங்க்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அங்கே நிரப்பாமல் கொலராடோ ஆற்றைத் தாண்டுங்கள், அரிசோனா பக்கம் பெட்ரோல் விலை குறைவு.