அப்பத்தா குரல் கேட்கும் வரைபடம்: ரங்கூனிலிருந்து சென்னை போகிறவர்களுக்கு

முதல் தடவை சென்னைக்குப் போனபோது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடக் காலை பதினோரு மணிக்குப் போய் நின்றேன். செகண்ட் லைன் பீச் ரோட்டில் நான் தேடிய வண்டி இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதற்கு, "அது சாயங்காலக் கடை தம்பி" என்றார். கையில் இருந்த பட்டியலில் கடை இருந்தது, தெரு இருந்தது, நேரம் இல்லை. அன்று மாலையே மதுரைக்கு ரயில். சாப்பிடாமலே கிளம்பினேன்.

அடுத்த தடவை யாருடைய பட்டியலையும் நம்பாமல், வீட்டிலேயே ஒரு வரைபடம் செய்துகொண்டு போனேன். கைபேசியில் ஒரு புள்ளியைத் தொட்டால் முதலில் படம் வரும், அடுத்து ஒரு குரல், அப்புறம் ஒரு கேள்வி. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. என் மகளும் அப்படித்தான். எழுத்தாக நிரப்பிய வரைபடத்தை அவள் புரட்டவே மாட்டாள். குரல் வைத்ததும் விடமாட்டேன் என்றாள்.

செய்வது கஷ்டமில்லை. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, பிரவுசரில் கூகுள் மை மேப்ஸ் திறந்துகொள்ளுங்கள். புள்ளி வைக்கலாம், நிறம் மாற்றலாம், படம் சேர்க்கலாம், அடுக்குகளாகப் பிரிக்கலாம். குரல் பதிவை நேராக ஏற்ற முடியாது. கூகுள் டிரைவில் போட்டு, அதன் இணைப்பைப் புள்ளியின் குறிப்பில் ஒட்டுங்கள். அடுக்குகளைப் பேட்டைவாரியாகப் பிரிக்காமல் காலை, மதியம், மாலை, ராத்திரி என்று நேரவாரியாகப் பிரியுங்கள். சென்னையில் ஒரே தெரு காலையில் ஒன்று விற்கும், ராத்திரியில் வேறொன்று விற்கும். நான் பட்டது போதும்.

எல்லாப் புள்ளியையும் நம் வீட்டு அடுப்பிலிருந்து தொடங்குங்கள். எங்கள் அப்பத்தா இன்னும் இருக்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம், 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிப் போனது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் "அத்தோ எப்படிப் பிசையணும்?" என்று கேட்டுப் பதிந்தேன். "பூண்டைக் கருக விடாத, பொன்னா எடு. புளித்தண்ணிய கடைசில ஊத்து. கரண்டி வேணாம், கையால பிசை" என்கிறார். மொத்தம் நாற்பது வினாடி. அதற்குமேல் நீளமாக வேண்டாம், தெருவில் நின்று கேட்க வேண்டியது.

கேள்வியைப் பதில் தேடி அலையும்படி வையுங்கள். "இது பிடித்ததா?" என்று கேட்டால் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும். அத்தோ புள்ளிக்கு நான் வைத்தது, "கூடத் தரும் சூப்பில் மீன் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?"

பர்மா பஜார், 1969இல் இங்கிருந்து போனவர்களுக்காக ஏற்பட்டது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, ராஜாஜி சாலை ஓரமாக இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடியில் இறங்கலாம், அங்கிருந்து நடைதான். பஜாருக்குப் பின்னால் அத்தோ வண்டிகள். நாங்கள் போனபோது ஆறு மணி. நூடுல்ஸ் நம் ஊர் மாதிரி இல்லை, ஆரஞ்சு நிறம். கோஸ், வெங்காயம், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ தட்டை எல்லாவற்றையும் கடைக்காரர் கிண்ணத்தில் போட்டு ஐந்து விரலாலும் அள்ளி அள்ளிப் பிசைந்தார். புளித்தண்ணீர் கடைசியில்தான்.

மகள் புள்ளியைத் தொட்டாள். அப்பத்தா குரல் கேட்டதும் கடைக்காரர் கை நின்றது. "இன்னொரு தடவை போடு பாப்பா" என்றார். எங்கள் கேள்விக்கு, "எங்கம்மா மொய்ங்கா சூப்ப மீன் போட்டுத்தான் வைப்பாங்க. இங்க மீன் போட்டா போணியாகாது. அதான் வெறும் வாழைத்தண்டு" என்று பதில் சொன்னார். அவர் சம்மதத்தோடு அதையும் பதிந்து, அதே புள்ளியில் சேர்த்தோம். யார் குரலைப் பதிந்தாலும் முதலில் கேளுங்கள். வியாபாரம் மும்முரமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபே, 1948இலிருந்து இருக்கிறது. காலை அடுக்கில் வையுங்கள். இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றுவார்கள். அங்கே கேட்க வேண்டியதில்லை, சாப்பிட்டால் போதும். அண்ணா சாலை புஹாரி, 1951இல் தொடங்கியது. அங்கே பிரியாணி சாப்பிட்டு, நம் டான்பௌ பிரியாணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் இருந்தால் காரைக்குடிக்கு ஒரு புள்ளி கட்டாயம். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் போய்விடலாம். செட்டியார் வீடுகளின் தேக்குத் தூண்கள் நம் ஊர் மரம் என்று எல்லோரும் காட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது கவுனி அரிசி. நாம் காலையில் அவித்த பயறும் எள்ளுப்பொடி உப்பும் தூவிச் சாப்பிடுகிற அதே கறுப்புக் கௌன்யின் அரிசி, அங்கே சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்து இனிப்பாகிவிடுகிறது. பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுபோனது என்று அங்கே சொல்கிறார்கள். கவுனி, கௌன்யின் என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். என் காதுக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்கிறது. நம் தட்டுப் படத்தையும் அவர்கள் தட்டுப் படத்தையும் ஒரே புள்ளியில் அடுத்தடுத்து வைத்தேன். வரைபடத்தில் மகள் அதிகமாகத் தொட்டது அதைத்தான்.

கிளம்புமுன் வரைபடத்தை கேஎம்எல் கோப்பாக இறக்கி, ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் திறந்து சரிபாருங்கள். தமிழ்நாட்டு வரைபடத்தையும் அதிலேயே இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமல் வேலை செய்யும். குரல் பதிவுகளைக் கைபேசியிலும் வையுங்கள், கோப்பின் பெயரில் புள்ளியின் எண்ணைப் போட்டு. அங்கே சிம் வாங்க பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள், உடனே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வண்டிக்கடைகளில் கியூஆர் அட்டை தொங்கும். அது பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்கு உள்ளவர்களுக்கு. நீங்கள் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைத் திருத்தும் உரிமையை அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்காவது கொடுங்கள். கடை இடம் மாறினால் அவர் மாற்றிவிடுவார். அப்பத்தாவின் அண்ணன் பேத்தி, நாங்கள் திரும்பிய பிறகு வியாசர்பாடியில் ஒரு புள்ளி வைத்தாள். அவள் அம்மா முட்டை மசாலா செய்யும் சத்தமும் வெங்காயம் பொரியும் சத்தமும் அதில் இருக்கின்றன. அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, "எண்ணெய் இன்னும் காயல" என்றார். அதையும் பதிந்து அனுப்பினேன்.

அந்த அத்தோ வண்டிப் புள்ளியில் இப்போது இன்னொரு குறிப்பு இருக்கிறது. கிளம்பும்போது கடைக்காரர் சொன்னது: "அடுத்த தடவை வரும்போது லப்பெ தேயிலை ரெண்டு பொட்டலம் கொண்டு வா தம்பி. அம்மாவுக்கு."