தினம் ஒன்றாகக் குறைத்தேன், போன் அடங்கியது

இரவு 11 மணிக்குப் படுக்கையில் போனை எடுத்தால் ஒன்றரை வரை கீழே வைக்க மாட்டேன். நேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலி போட்டுப் பார்த்தேன், ‘இன்னும் 15 நிமிடம்’ என்று நானே அழுத்தி நீட்டிக்கொள்வேன். தடுக்கத் தடுக்க ஆசைதான் கூடியது.

அப்புறம்தான் பழங்காலச் சீன ஞானி லாவோட்சு பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூலின் 48-ஆம் அத்தியாயம் கைகொடுத்தது. கல்வியில் நாளும் ஏதோ ஒன்று கூடும், தாவோ என்னும் இயற்கை வழியில் நாளும் ஏதோ ஒன்று குறையும், அப்படிக் குறைந்து குறைந்து ‘வூ வெய்’, அதாவது வலிந்து எதையும் செய்யாத நிலை வரும் என்கிறது. சரி, குறைப்போம் என்று ஒரு நாளைக்கு ஒரே ஒரு செயலியின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்தேன். கடைசியில் அழைப்பும் குறுஞ்செய்தியும்தான் மிஞ்சின.

முப்பது ஆரக்கால்கள் கூடினாலும் அச்சு நுழையும் குடத்தின் நடுவே உள்ள வெற்றிடத்தால்தான் சக்கரம் பயன்படுகிறது என்பது 11-ஆம் அத்தியாயம். அதை நினைத்து முகப்புத் திரையையும் காலி செய்தேன். முதல் வாரம் கட்டைவிரல் பழைய இடத்துக்கே போகும், அங்கே வெறும் நீலம், ஒரு கணம் நின்று போனை வைத்துவிடுவேன். அந்த ஒரு கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

சார்ஜர் இப்போது சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்தில். பதினொன்றரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறேன்.